ஈரப்பையின் ஆறு அவுன்ஸ்

கிடர்மின்ஸ்டர் கம்பள ஆலையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்த வில்ஃப் டார்பியை ஊர் மதித்தது ஒரே ஒரு மீனுக்காக. செவர்ன் ஆற்றுத் தூண்டில்காரர் சங்கத்தின் பலகையில் அது பொன்னெழுத்தில் இருந்தது: 'பார்பெல், பதிமூன்று ராத்தல் இரண்டு அவுன்ஸ், வி. டார்பி.'

அந்த மீனை அவர் தின்னவில்லை. அங்கே யாரும் தின்பதில்லை. மழையில் நாளெல்லாம் காத்துக்கிடந்து பிடிப்பார்கள், நிறுப்பார்கள், முத்தம் கொடுக்காத குறையாக ஆற்றில் விடுவார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் வறுத்த மீன் வாங்கித் தின்பார்கள்.

மீனின் தோல் உரியாமல் இருக்க, நிறுக்கும் வலைப்பையை முதலில் நனைக்க வேண்டும். அந்த ஈரப்பையின் எடையைப் பிறகு கழிக்க வேண்டும். அன்றைய பரபரப்பில் வில்ஃப் கழிக்கவில்லை. மறுநாள் வீட்டில் பையை நனைத்து நிறுத்துப் பார்த்தார். ஆறு அவுன்ஸ்! அதற்குள் மனைவி பெரில் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். குளிர்பெட்டியில் தூண்டில் புழு டப்பாவைச் சகித்துக்கொண்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சங்கத்தின் எடைப் பொறுப்பாளர் ஆனார். "மொதல்ல ஈரப்பை, அப்புறந்தான் மீனு" என்று இருபத்தேழு வருடம் எல்லோரிடமும் சட்டம் பேசினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடைய நெஞ்சு விதிமுறை போட்டது.

அத்தனை வருடமும் அந்தச் சாதனையை முறியடிக்கப் பாடுபட்டவர் அவருடைய நண்பர் லென் ப்ரீஸ். முழங்கால் விட்டுப்போய், மகள் வீட்டோடு கடலோர ஊருக்குக் குடிபோக இருந்தார். கடைசி நாள் மத்தியானம் கரையிலிருந்து ஒரே கூச்சல்.

"வில்ஃப்! தராச எடுத்துட்டு ஓடி வா!"

வில்ஃப் ஓடினார். பையை நனைத்தார். வெறும் பையை நிறுக்காமல் நேராக மீனைப் போட்டுத் தூக்கினார்.

"பதிமூணு ராத்தல் ஆறு. ஜெயிச்சுட்டேடா லென்!"

"பையைக் கழிக்கலியே? கழிச்சா பதிமூணுதான். ரெண்டு அவுன்ஸ் கம்மி."

"உனக்குக் கழிச்சா எனக்கும் கழிக்கணும்டா."

சொன்னதும் வில்ஃபுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லென் மீனை நீரோட்டத்தில் பிடித்திருந்து, அது மூச்சு வாங்கியதும் விட்டார்.

"தெரியும். அன்னைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நாந்தானே. பை சொட்டிக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"ஒன்ன ஜெயிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். பொய்யவே ஜெயிச்சேன்னா அது ஒரு கெத்துதானே?"

ஞாயிற்றுக்கிழமை வில்ஃப் சங்கப் பலகையிலிருந்து தன் பெயரைத் தானே சுரண்டினார். 'லென் ப்ரீஸ், பதிமூன்று ராத்தல்' என்று எழுதிவிட்டு, பெருமையோடு போன் செய்தார். எதிர்முனையில் லென் எகிறினார்.

"அட முட்டாளே! அந்த ரெண்டு அவுன்ஸுக்காக ஜூன்ல மீன்பிடி சீசன் தொறந்ததும் திரும்பி வரலாம்னு இருந்தேன். இனிமே அங்க எனக்கு என்ன இருக்கு?"

வில்ஃபுக்கு அப்போதுதான் உறைத்தது. நண்பனுக்கு நியாயம் செய்கிறோம் என்று அவன் ஆற்றையே பிடுங்கிக்கொண்டோமே!

"வாடா. ஜூன்ல நான் பதிமூணு ராத்தல் ஒரு அவுன்ஸ் பிடிக்கிறேன். சாட்சிக்கு ஆள் வேணும்."

"வர்றேன். ஆனா தராசு என் கையிலதான் இருக்கும்" என்றார் லென்.