மன்றாட்டு எழுதிய கிழமை

என் கணவருக்கு வாய் ஓயாது. கடலுக்குப் போய் வந்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாரென்றால், உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சோற்றுக்கு எழும்புவார். நானும் லேசுப்பட்டவள் அல்ல.

எங்கள் யுத்தம் முடிந்து சில வருடங்களில், தூரத்து நாடொன்றில் சனம் தங்கள் அரசுக்கு எதிராக எழும்பியது. அரசு சுட்டது. வெளிநாட்டு விமானங்கள் போய் அந்த அரசின் படைமேல் குண்டு போட்டன. அந்த ஞாயிறு பூசையில் சபைக்காக மன்றாட்டுச் செபம் வாசிக்கும் முறை எங்கள் வீட்டுக்கு. "அந்தச் சனத்துக்காகவும் ரெண்டு வரி எழுதுங்கோ" என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். இரண்டே வரிக்கு ஒரு கிழமை முழுக்க வீடு இரண்டுபட்டது.

உதவிக்குப் போன படைகளை ஆண்டவர் காக்கவேண்டும் என்று நான் எழுதினேன்.

"உதவியோ? எண்ணெய்க்குப் போறாங்கள்" என்று அவர் வெட்டினார்.

"எதுக்குப் போனா என்ன? சாகக் கிடக்கிற சனம் தப்பினாக் காணும்."

"தப்பின பிறகு திரும்பிப் போவாங்களோ? எங்களிட்டயும் வந்தவங்கள்தானே. நீ மறந்திட்டியோ?"

மறப்பேனா? எங்கள் சண்டை எங்கே தொடங்கினாலும் மூத்த மகள் பிறந்த அந்த நாளில் போய்த்தான் முட்டும்.

அப்போது சமாதானம் காக்க என்று கடல் தாண்டி ஒரு படை எங்கள் தீவுக்கு வந்திருந்தது. ஊரடங்கு வேறு. பிள்ளைவலி வந்த என்னை என் கணவர் உழவுயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கத்து ஊரான தாராபுரத்துக்கு இந்தப் பக்கம், அவர்களுடைய முகாமில் மறித்தார்கள். என்னை உள்ளே தூக்கிப் போனார்கள். அவரைச் சந்தேகத்தில் வாசலில், தார் உருகும் வெயிலில், முழங்காலில் நிறுத்தினார்கள்.

உள்ளே அந்தப் படையின் டாக்டர் ஒருவர். எங்கள் மொழி தெரியாது. என் நெற்றியைத் துடைத்துத் துடைத்துப் பிள்ளையை எடுத்தார். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அவர் இல்லாவிட்டால் அவளும் இல்லை, நானும் இல்லை. வெளியே என் கணவரின் முழங்கால்கள் வெந்து தோல் உரிந்தன. பின்னேரம்தான் எழும்ப விட்டார்கள்.

அன்றிலிருந்து கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் கடைசி வாங்குப் பலகையில் இருந்தபடியே இருப்பார். முழங்கால் வருத்தம் என்று ஊர் நினைக்கிறது. "ஒரு பகல் முழுக்க நிண்டிட்டன், அது காணும்" என்று எனக்குத்தான் சொன்னார். நானோ அந்த டாக்டருக்காக இன்றைக்கும் செபிக்கிறேன். அது அவருக்குச் சுடும் என்று தெரிந்துதான் செபிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடாமல் கேட்டேன். "அந்த டாக்டரும் உள்நோக்கத்தோடயோ பிள்ளை எடுத்தவர்?"

"அவருக்கு இல்லை. அவரை அனுப்பினவனுக்கு இருந்தது."

"உங்கட முழங்காலைவிட எனக்கு என்ர பிள்ளை பெரிசு!"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளை என்னைவிட அதிகம் தூக்கி வளர்த்தவர் அவர். நான் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் எழுதிறன்" என்றார். சனிக்கிழமை ரேடியோவைக்கூடத் திறக்கவில்லை. அந்த வாய் ஓய்ந்தது எனக்குப் பயமாக இருந்தது. என்னால்தான் ஓய்ந்தது.

ஞாயிறு பூசையில் அவர் வாசிக்க எழும்பினார். சபையில் வைத்து என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆண்டவரே, உதவி என்று இன்னொரு நாட்டுக்குப் போகிறவர்கள் என்ன காரணத்துக்காகப் போனாலும், உள்ளே தூக்கிச் செல்லப்படுகிறவர்கள் உயிரோடு திரும்பவும், வாசலில் முழங்காலில் நிற்பவர்கள் பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்கும்வரை தாங்கிக்கொள்ளவும் அருள் தாரும்." கொஞ்சம் நிறுத்தினார். தாளைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கள் மொழி தெரியாத ஒரு டாக்டருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்."

சனம் எல்லாம் சேர்ந்து பதில் சொன்னது. அன்றைக்கு என் பிள்ளையின் முதல் அழுகையை வாசலில் அவரும் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் அதை நான் அவரிடம் கேட்டு அறியவே இல்லை.

சுவாமி அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்ததும் எல்லாரும் முழந்தாளிட்டார்கள். நான் எழும்பிப் பின்னால் போய், வாசித்துவிட்டுத் தன் கடைசி வாங்குக்குத் திரும்பியிருந்த அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன், உனக்கும் முழங்கால் நோகுதோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"ஓம்" என்றேன்.