பெலிக்ஸின் இரண்டு காந்தங்கள்

பெலிக்ஸுக்கு வலது கையில் நாலரை விரல்தான். மோதிர விரலின் மேல்பாதி இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் போனது. பஞ்சுப் பொதிக்குள் கிடக்கும் ஆணியோ கம்பித்துண்டோ இயந்திரத்தில் உரசினால் பொறி தட்டித் தீப்பிடித்துவிடும். அதற்காகப் பஞ்சு போகும் குழாயில் காந்தம் வைத்திருப்பார்கள். அன்று பழைய காந்தங்களைக் கழற்றிவிட்டுப் புதிதாக, பல மடங்கு அதிகம் இழுக்கும் நியோடிமியம் காந்தக் கட்டிகளைப் பொருத்தச் சொன்னார்கள்.

உள்ளங்கை அளவுக் கட்டிகள், வெள்ளிபோல் மின்னின. ஒவ்வொன்றுக்கும் இடையில் கனத்த மரச்சில்லு வைத்து அனுப்பியிருந்தார்கள். பழைய காந்தத்தைப் போலத்தானே என்று பெலிக்ஸ் மரச்சில்லை உருவிவிட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். ஒரு சாண் தூரத்தில் இருந்த மற்றொன்று துள்ளி வந்து அடித்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. குனிந்து பார்த்தபோது இரண்டு கட்டிகளுக்கும் நடுவில் விரல் இருந்தது. பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்தார். பாதி விரல் உள்ளேயே தங்கிவிட்டது. காந்தத்தின் ஓரம் உடைந்து தெறித்த சில்லு கண்ணுக்குக் கீழே கன்னத்தைக் கிழித்தது.

"இழுத்ததுதான் தப்பு," என்றார் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஆலை இன்ஜினியர். "பக்கவாட்டுல தள்ளியிருந்தா வெலகியிருக்கும். விரலு நசுங்கியிருக்கும், போயிருக்காது."

பிறகு ஆலை வேலையை விட்டுவிட்டு, பஞ்சு மார்க்கெட் பக்கம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை போட்டார். விரலைத் தின்றதையே தொழிலுக்கும் வைத்துக்கொண்டார். கிணற்றில் விழுந்த வாளி, ஸ்பேனர், மோட்டார் இவற்றையெல்லாம் கயிற்றில் காந்தம் கட்டி எடுத்துக்கொடுப்பார். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும், கொக்கி வைத்த வட்டக் காந்தங்கள் இரண்டு வைத்திருந்தார். சின்னது எண்பது கிலோ தூக்கும், பெரியது முந்நூறு. அந்தக் கணக்கெல்லாம் சுத்தமான கனத்த இரும்புக்குத்தான், துருவும் பாசியும் ஏறியதில் கால்வாசிகூட நிற்காது என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் வெவ்வேறு மரப்பெட்டிகளில், மர மேஜையின் இரு கோடியில் வைப்பார். பக்கத்து சைக்கிள் கடை பீர் முகமதுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்திய நாளிலிருந்து, காந்தம் அந்தக் கருவியைக் குழப்பிவிடும் என்று அவரைப் பட்டறை வாசற்படி ஏறவே விட்டதில்லை. டீயைக்கூட வெளியே கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஓர் ஆடி மாதம் கான்சாபுரம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் கொலை விழுந்தது. வரப்புத் தகராறில் சௌந்தரபாண்டியன் என்பவன் தன் பங்காளியை நான்கு வெட்டு வெட்டினான். கழுத்தில் விழுந்தது கடைசி வெட்டு. அரிவாளைத் தோப்புக் கிணற்றில் வீசிவிட்டதாகப் போலீசில் சொன்னான். முங்கிப் பார்த்த ஆட்களால் சேற்றுக்குள் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் பெலிக்ஸுக்கு ஆள் அனுப்பினார்.

கிணற்று மேட்டில் கூட்டம் கூடியிருந்தது. பெலிக்ஸ் சின்னக் காந்தத்தை எடுத்ததும் ஏட்டு குறுக்கே வந்தார். "பெருசப் போடுப்பா. சீக்கிரம் முடியும்ல?"

"உள்ள இரும்புக் குழா எறங்குது சார். பெருச விட்டா அதக் கட்டிப்புடிச்சிக்கிடும். பொறவு நாலு பேரு தொங்குனாலும் வராது. அருவா எம்புட்டு கனம் இருந்துரப் போகுது? இது போதும்."

மூன்றாவது மணி நேரத்தில் கயிறு கனத்தது. சேறு வழிய அரிவாள் மேலே வந்தது. பிடியில் கிழிந்த சட்டைத் துணி சுற்றியிருந்தது. செத்தவனின் மனைவி இருளம்மாள் போலீஸ்காரர்களைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"எம் புருசன் சட்டைய்யா! அவரு சட்டைய்யா!" என்று அலறியவள், கிணற்றுச் சுவரில் மடார் மடாரென்று நெற்றியை மோதினாள். இரண்டு பெண்கள் சேர்ந்து இழுப்பதற்குள் சுவரில் ரத்தம் வழிந்தது.

கூட்டத்திலிருந்து சௌந்தரபாண்டியனின் தம்பி கருத்தபாண்டி பெலிக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர் பைக்குக்கு வந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்க வீட்டு விசயத்துல கைய வச்சிட்ட. மிச்ச வெரலும் ஒனக்கு எதுக்குலே?"

பெலிக்ஸ் பைக்கைக் கிளப்பினார். வீட்டுக்குப் போய் மனைவி வின்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலை பதினோரு மணி. சேத்தூர்க் கிணறு ஒன்றுக்குப் போவதற்காகப் பெரிய காந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கயிறு முடிந்துகொண்டிருந்தார். வாசலில் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. நிமிர்வதற்குள் முதல் வெட்டு இடது தோளில் இறங்கிவிட்டது. சுடுதண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. மேஜையில் சாய்ந்தார். சின்னக் காந்தம் இருந்த பெட்டி கையில் அகப்பட்டது, தூக்கி வீசினார். அது கருத்தபாண்டியின் தாடையில் பட்டு, தரையில் விழுந்து பிளந்தது.

அவன் மறுபடி ஓங்கினான். பெலிக்ஸ் கையிலிருந்த பெரிய காந்தத்தைக் கயிற்று முடிச்சோடு தலைக்கு மேலே தூக்கினார். டங்கென்று ஒரு சத்தம். அரிவாள் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் திருகி இழுத்த இழுப்பில் இருவரும் தரையில் விழுந்தார்கள். பெலிக்ஸ் கயிற்றை விட்டுவிட்டு உருண்டு விலகினார். கருத்தபாண்டி முழங்காலிட்டு, அரிவாளைப் பெயர்க்க இடது கை விரல்களை அதன் விளிம்பில் கொடுத்தான். பிளந்த பெட்டிக்குள்ளிருந்த சின்னக் காந்தம் ஒரு சாண் தூரத்தில்தான் கிடந்தது. அது எகிறி வந்து அவன் விரல்களின் மேலேயே அறைந்தது.

கூட வந்தவர்கள் அவன் போட்ட கூச்சலில் பின்வாங்கினார்கள். என்ன நடந்தது என்றே புரியாமல், ரத்தத்தைப் பார்த்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

பெலிக்ஸ் எழுந்தார். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. கருத்தபாண்டியின் விலாவில் ஒரு மிதி மிதித்தார். இன்னொன்று மிதித்தார். பிறகு சும்மா நின்றார். கீழே அவன் துடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே... எடுத்துவிடுங்கண்ணே... உசுரு போகுதுண்ணே..."

நின்றுகொண்டே இருந்தார். சத்தம் கேட்டு பீர் முகமது கையில் மரச்சுத்தியலான கொட்டாப்புளியோடு ஓடி வந்தார். அவர் படியில் கால் வைத்ததும்தான் பெலிக்ஸுக்கு உணர்வு வந்தது.

"பாய்! உள்ள வராதீய! ரெண்டு காந்தமும் வெளிய கெடக்கு! அப்பிடியே நில்லுங்க!"

பீர் முகமது தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தார். நெஞ்சில் கை வைத்தபடி கொட்டாப்புளியைத் தரையோடு உள்ளே உருட்டிவிட்டார். "இந்தாப்பா, இது முழுக்க மரம்தான். நான் ஆட்டோ கூப்புடுதேன்."

கருத்தபாண்டி கையை வெடுக்கென்று இழுக்கப் போனான். பெலிக்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"இழுக்காதல! இழுத்தா வெரலு உள்ளயே நின்னுரும். அசையாத!"

பெரிய காந்தத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு, சின்னதன் பக்கவாட்டில் கொட்டாப்புளியால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் அலறினான். நான்காவது தட்டில் அது நகர்ந்தது. ஐந்தாவதில் வழுக்கி வெளியே வந்தது. திரும்பித் தாவுவதற்குள் பெட்டிப் பலகையை இடையில் செருகி, சின்னக் காந்தத்தைப் பலகையோடு சேர்த்து அறையின் மூலைக்கு உதைத்துத் தள்ளினார். கருத்தபாண்டியின் நடுவிரலும் மோதிர விரலும் தகடுபோல ஆகியிருந்தன. ஆட்டோவில் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் பெலிக்ஸும் ஆஸ்பத்திரிக்குப் போனார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தோளில் பதினேழு தையல். அவனுக்கு இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கும் வின்சி, வேலை உடுப்போடு ஓடி வந்தாள். கட்டுத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிரட்டுனான்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க," என்று அழுதாள்.

கொலை வழக்கும் இந்த வெட்டு வழக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் நடந்தன. பெலிக்ஸ் காந்தத்தால் வேண்டுமென்றே கருத்தபாண்டியை முடமாக்கிவிட்டார் என்பது அவனுடைய வக்கீலின் வாதம்.

"கை மாட்டுனதும் உடனே உதவி செஞ்சீங்களா?"

"இல்லங்கய்யா."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"ரெண்டு நிமிசம் இருக்கும். எடுக்கத் தெரியும், மனசு வரல. நல்லாக் கத்தட்டும்னு நின்னேன். ரெண்டு மிதியும் மிதிச்சேன்."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. நீதிபதி தலை நிமிர்ந்து அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சௌந்தரபாண்டியனுக்கு ஆயுள் தண்டனை. கருத்தபாண்டிக்கு ஏழு ஆண்டு. தீர்ப்பு நாளன்று வாசலில் இருளம்மாள் பெலிக்ஸின் கையைப் பிடிக்க வந்தாள். அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

"அந்த ரெண்டு நிமிசத்த ஏன் சொன்னீங்க?" என்று வின்சி பஸ் ஸ்டாண்டில் கேட்டாள். "வக்கீலு அதத்தான புடிச்சிக்கிட்டு ஆடுனாரு."

"கேட்டாரு, சொன்னேன். தெனமும் நெனப்பு வருது வின்சி. அன்னைக்கு பாய் வரலைன்னா நான் நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

இராஜபாளையம் பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. வின்சி அவரை உட்காரச் சொன்னாள். தோள் வலித்ததால் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டார்.