பொட்டு வைத்த மதர்போர்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் கூரை வரை போவதில்லை. அதனால் நான் கணினிக்கு மதர்போர்டு வாங்கப்போகும் சங்கதி இரகசியமாக இருக்க வாய்ப்பே இல்லை. நான் ஃபோனில் போட்டுக் கேட்ட வீடியோக்களையெல்லாம் பக்கத்துக் காம்பராவிலிருந்த பெரியம்மாவும் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுத் தேறியிருந்தார்.

"மலிவு போர்டுல ரேம் போட ரெண்டு எடந்தான் இருக்குமாம் புள்ள. நாலு உள்ளதா பாத்து எடு" என்று குழாயடியில் அத்தனை பேர் முன்னிலையிலும் எனக்கு யோசனை சொன்னார். வாளியோடு நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த ஊர்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யும் வேலை ஒன்று கொழும்பில் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அவர்களுடைய மென்பொருள் என் கணினியில் ஓட வேண்டும். திங்கட்கிழமை சோதித்துப் பார்ப்பார்கள். ஓடாவிட்டால் கொழும்புக்கே வந்துவிடு என்பது ஏற்பாடு. கொழும்பில் போர்டிங் அறைகளில் வருடக்கணக்காகக் கிடந்துவிட்டு, அம்மா போன பிறகு அப்பாவுக்காகத் திரும்பி வந்தவள் நான். மறுபடி போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை. அப்பாவிடம் சொன்னால், "போறதுன்னா போ. நான் என்னா பால்குடிப் புள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கொழும்புச் சினேகிதி ஒருத்தி தன் பழைய ப்ராசசரையும் ரேமையும் தந்திருந்தாள். ப்ராசசர்தான் கணினிக்கு மூளை. ஆக, மூளை கைவசம் இருந்தது. அதை உட்கார வைக்கப் போர்டுதான் இல்லை.

சனிக்கிழமை ஹட்டன் டவுனுக்குப் புறப்பட்டால், அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றார். பெரியம்மா நல்ல சேலையில் இருந்தார். பெண் பார்க்கப் போகிற மாதிரி மூன்று பேரும் டயகமவிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம்.

கடைக்காரர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். இரண்டு போர்டுகளை மேசையில் வைத்தார். அப்பா தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கொன்றாகத் தூக்கி, கண்ணை மூடி எடை பார்த்தார்.

"இது காத்தா இருக்கு. கனமானத எடு."

"அது என் ப்ராசசருக்குப் பொருந்தாதுப்பா."

"பொருந்தாட்டி லேசா தட்டி ஏத்த வேண்டியதுதானே?"

கடைக்காரர் கனமான போர்டைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு நிறம் பிடிக்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போயி கறுப்பா வாங்குவாங்களா? செவப்புல இல்லீங்களா தம்பி?" இல்லை என்றதும், பெட்டியாவது சிவப்பாக இருக்கிறதே என்று சமாதானமானார். ரேமுக்கு இரண்டு இடந்தான் இருப்பது அவருக்குப் பெரிய மனத்தாங்கல்.

"மிஸ், பில் போடுற மெஷின்ல நானும் இதே போர்டுதான் பாவிக்கிறேன்" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் நான் யாரையும் பேச விடவில்லை. வாங்கிவிட்டேன். பஸ்ஸில் அப்பா பெட்டியை மடியில் வைத்து, "காத்துக்குக் காசு குடுத்துட்டு வர்றோம்" என்று தலவாக்கலை வரை புலம்பினார்.

ஞாயிறு காலை குழாயடியில் குளித்துவிட்டு வந்தால் காம்பரா முழுக்க சாம்பிராணிப் புகை. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், தேசிக்காய். அவற்றின் நடுவே என் போர்டு. அதன் மத்தியில், ப்ராசசர் உட்கார வேண்டிய அந்தச் சதுரத்தில், அழுத்தமாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

அந்தச் சதுரத்துக்குள் ஊசியை விட மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். மூச்சுக்கூடப் படக்கூடாது என்பதற்காகத்தான் மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு விற்கிறார்கள்.

"மூடி இருந்துச்சேப்பா!"

"இருந்துச்சு. மூடிக்குப் பொட்டு வச்சா சாமி ஏத்துக்குமா?" என்றார் அப்பா. "எங்க ஃபேக்டரில ஒரு ரோலர் பொட்டு இல்லாம ஓடுனதில்ல."

"அதான் முக்கியமான எடம்னு நீ போட்ட வீடியோவுலதானே சொன்னாங்க" என்று சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மா சாட்சி சொன்னார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். எனக்குத் தாழியை உடைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டார்கள். அடித்தொண்டையில் கத்தினேன். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா சட்டையை மாட்டி, போர்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தார்.

கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கம்பிகள் நசுங்கிக் கிடந்தன. கொழும்பு ஏஜென்டை ஃபோனில் பிடித்து, மாற்றித்தர வழியுண்டா என்று கேட்டார். எரிந்ததா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள், இல்லை என்றார். தண்ணீர் பட்டதா? கொஞ்சம் என்றார். பிறகு என்னதான் நடந்தது? பூஜை என்றார். லைன் கட்டாகிவிட்டது.

நான் கோபத்தில் தெருப்பக்கம் திரும்பி நின்றேன். ஓட்டைக் கணினியோடு நாளைக்குக் கொழும்பிடம் என்ன சொல்வது? பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"ஏன் ஐயா அந்த எடத்துல வச்சீங்க?" என்று கடைக்காரர் கேட்டது காதில் விழுந்தது.

அப்பா எனக்குப் புரியக்கூடாது என்றுதானோ என்னவோ, தன் உடைந்த சிங்களத்துக்கு மாறினார். வருடக்கணக்காகக் கொழும்பில் குப்பை கொட்டியவளுக்குச் சிங்களம் புரியாதா?

"இது ஓடினால்தான் மகள் வீட்டில் இருப்பாள் மாத்தயா. அதனால்தான் நன்றாக அழுத்தி வைத்தேன்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "துவ யன்ன எபா" என்றார். மகள் போக வேண்டாம். தமிழில் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லாததைக் கடைக்காரரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் திருப்புளியை எடுத்துத் தன் பில் போடும் கணினியைத் திறந்து, அதன் போர்டைக் கழற்றினார். "இத கொண்டு போங்க மிஸ். ஒங்கட கம்பிய நான் மெதுவா நிமித்திக்கிறேன். அதுவரைக்கும் பில்ல கையால எழுதலாம்" என்றார். அப்பாவைப் பார்த்து, "ஐயா, இதுக்குப் பூஜை நானே போட்டாச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மென்பொருள் மக்கர் பண்ணாமல் ஓடியது. கொழும்பிலிருந்து பேசிய பெண்ணுக்குத் திருப்திதான். "இருந்தாலும் ஒஃபிசுக்கே வந்து செய்யலாமே, வசதியா இருக்கும். ஏன் வர மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார்.

"அப்பா விட மாட்டாங்க மிஸ்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மறுத்துப் பேசவில்லை.