காட்டைச் சுத்தம் செய்த காலை

போன செவ்வாய்க்கிழமை சில்க்போர்க் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தாள். வேறு இடம் இருந்தால் டென்மார்க்கில் யாரும் அப்படி அமர மாட்டார்கள். பஸ் நிறைந்திருந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய சவாரிச் சப்பாத்துகளிலிருந்து ஈரத்தோலும் குதிரை வியர்வையும் கலந்த மணம் வந்தது. நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டது.

அந்த மணம், டென்மார்க் வந்த புதிதில் நான் வேலை செய்த மலைப்பண்ணைக்குரியது. மலை என்று நான் சொல்லவில்லை, பெயர்ப்பலகை சொன்னது. சிவனொளிபாதமலை ஏறியவன் அந்த மேட்டைப் பார்த்துச் சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் ஒழுக்கம் வேண்டும். விருந்தாளிகளைக் குதிரையில் ஏற்றிச் செம்மான் மேயும் புதர்வெளி வரை கூட்டிப்போவார்கள். அங்கே இறங்கி நடந்துபோய்ச் சுடவேண்டும். அதுவரை குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்த்த சைவக்காரனை மொழி பழக வேட்டைப் பண்ணைக்கு அனுப்பிய கம்யூன் என்கிற நகரசபை அலுவலரின் நகைச்சுவையை இன்றும் மதிக்கிறேன்.

வழிகாட்டி இங்கர். ஐம்பது வயது, சொற்பப் பேச்சு. விழுந்த மிருகத்தை ஒருவரும் தாண்டக் கூடாது என்பாள். தாண்டியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சுற்றி வரச் சொல்வாள். விதியை விதிக்காகவே மதிக்கும் மனிதரைக் கச்சேரியில்கூட நான் கண்டதில்லை.

ஒரு விடியற்காலை ஒடென்சேயிலிருந்து வந்த பல் வைத்தியர் சுட்டார். மான் விழவில்லை, காயத்தோடு ஓடி மறைந்தது. உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும், நாலு மணித்தியாலம் படுக்க விடவேண்டும், பிறகு மோப்ப நாயோடு போகவேண்டும். அதுதான் முறை. இங்கர் வைத்தியரோடு நடந்து திரும்பினாள். நான் குதிரைகளை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன்.

வழியில் ஒரு பேர்ச் மரத்தருகே ஃப்ரேயா என்ற கிழட்டுப் பெண்குதிரை காதை மடக்கிக்கொண்டு மறித்து நின்றது. இழுத்தேன். அப்போதுதான் கண்டேன்: கிளைகளில் வெள்ளைக் கழிவறைக் கடதாசித் துண்டுகள், ஏழு. இயற்கையில் எதையும் விட்டுச்செல்லாதீர் என்று கம்யூன் தந்த கையேட்டில் இருந்தது. புதிதாக வந்தவன், நல்ல பிரஜை. ஏழையும் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பத்து மணிக்குத் தூறலோடு நாய்க்காரர் வந்தார். மான் சுடுபட்ட இடத்தை இங்கர் எங்கும் தேடினாள். எல்லாப் பேர்ச்சும் ஒரே பேர்ச், எல்லாப் புதரும் ஒரே புதர். “காற்று அடித்ததா?” என்று டேனிஷில் கேட்டாள். நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

எனக்கு முன்பே மூன்று வருடமாக லாயத்தில் வேலை செய்த தேவன் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: “என்ன கிளாக்கர், காட்டையும் கூட்டித் துடைச்சுப் போட்டியளோ? மான் கிடந்து துடிக்குது, நீங்கள் குப்பை பொறுக்கிறியள்!”

“அண்ணை, சுட்ட இடத்துக்கு இங்கர் கட்டின அடையாளமெண்டு எனக்குத் தெரியாது.”

“கேட்டிருக்கலாமே. வாய் கச்சேரியிலயோ கிடக்கு?”

இங்கர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று பட்டது. “வரும் வழியில் வேறென்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டாள். குதிரை மறித்ததைச் சொன்னேன். என்னை ஃப்ரேயாவில் ஏற்றிக் கடிவாளத்தைத் தளரவிடச் சொன்னாள். வாழ்க்கையில் அன்றுதான் குதிரை ஏறினேன். சவாரி என்று அதைச் சொன்னால் குதிரைக்கு அவமானம்.

ஃப்ரேயா தன்பாட்டில் நடந்தது. காலையில் மறித்த அதே பேர்ச்சின் முன், இரத்த வாடை பிடித்ததுபோல் மூச்சைச் சீறிவிட்டு நின்றது. நாய் மூக்கைத் தரையில் வைத்தது. அரை மணித்தியாலத்தில் ஒற்றை வெடி கேட்டது. மானின் வேதனை முடிந்தது.

அதன் வாயில் ஒரு ஊசியிலைக் கொத்தை வைத்தாள் இங்கர், கடைசிக் கவளமாக. இன்னொரு கொத்தை இரத்தத்தில் தொட்டாள். வழக்கப்படி அது சுட்டவரின் தொப்பிக்கு. அவள் அதை இரண்டாக முறித்தாள். பாதி நாயின் கழுத்துப்பட்டிக்கு, பாதி ஃப்ரேயாவின் தலைவாருக்கு. வைத்தியர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அந்த ஏழு கடதாசியும் திரும்பக் கிடைத்தன.

“இனி கட்டுவது உன் வேலை,” என்றாள்.

இரண்டு வருடம் கட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

பஸ்ஸில் வந்த அந்தப் பெண்ணின் பின்னால் நானும் இறங்கி அந்த மேட்டுக்கு நடந்தேன். அவள் வேறு பக்கம் போனாள். லாயம் விடுமுறை வீடாகிவிட்டது. இங்கரும் இல்லை, ஃப்ரேயாவும் இல்லை. வேட்டைக்காரர் நாலு சக்கர மோட்டாரில் போகிறார்கள். சுட்ட இடத்தைத் தொலைபேசியில் ஒரு புள்ளி வைத்துக் குறிக்கிறார்கள். பேர்ச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கையேடு சொன்னபடியே, காடு படு சுத்தம்.