என்ஜின் எடுத்த வாந்தி

நோர்வேயில் என்ஜினுக்குள் சேரும் ஓர் அழுக்குக்குச் சாப்பாட்டுப் பொருளின் பெயரை வைத்திருக்கிறார்கள். மயோனேஸ். குளிர்காலத்தில் காரின் ஒயில் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெளிறிய மஞ்சளாக, திரிந்த பாலும் கிரீஸும் கலந்ததுபோல ஒன்று அப்பிக்கொண்டிருக்கும். ‘மயோனேஸ் வந்துவிட்டது’ என்று இங்குள்ளவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்கே மத்தியானம் அதே நிறத்திலுள்ள உண்மையான மயோனேஸைக் குழாயிலிருந்து பிதுக்கி, றாலுக்கு மேல் பூசிப் பாணோடு சாப்பிடுவார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சாப்பாட்டு மேசையில் யாராவது அந்தக் குழாயை எடுத்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தூரம் கொஞ்சம்தான். என்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதுதான் என் காருக்கு வந்த வியாதிக்குக் காரணம் என்றார்கள் கராஜில். எரியும் புகையில் கொஞ்சம் எப்போதும் பிஸ்டனைத் தாண்டி என்ஜினின் வயிற்றுக்குள், ஒயில் கிடக்கும் இடத்துக்கு இறங்கிவிடும். அதை வெளியே இழுத்துத் திரும்பவும் எரிப்பதற்கு அனுப்ப ஒரு பெட்டியும் சில குழாய்களும் உண்டு. இலங்கையில், எங்கள் பதுளைப் பக்கத்துக் கராஜ்களில் இதை பிரீதர் என்பார்கள். என்ஜின் மூச்சுவிடும் வழி. குளிரில் நீராவியும் ஒயிலும் கலந்து அந்த வழி அடைத்துக்கொண்டால் வயிற்றில் காற்று ஏறும். என் காரில் ஒயில் அளவு பார்க்கும் கம்பி தானாக மேலே எழும்பி, என்ஜின் முழுக்கக் கறுப்பு ஒயில் தெறித்திருந்தது. காருக்குள் ஒரு நாற்றம். ஜன்னலைத் திறந்தால் பனி, மூடினால் தலைவலி.

கராஜில் பழுதுபார்க்கத் தந்த நாள் கோடைக்குத் தள்ளிப் போயிருந்தது. என் கணவர் பஸ் ஓட்டுகிறார், அவருக்கு ஓய்வு நாள் அமைவதே அபூர்வம். ஆகவே வீடியோக்களைப் பார்த்து, புதுப் பெட்டியும் குழாய்களும் தருவித்து, பனி கரைந்த ஒரு சனிக்கிழமை, குடியிருப்பின் கார் தரிப்பிடத்தில் நானே தொடங்கினேன். வீடியோவில் சொன்னபடி முதலில் ஒயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டி என்ஜினை இயக்கினேன். நல்ல என்ஜின் கையுறையை உள்ளே இழுக்குமாம். என்னுடையது ஊதிப் பெருத்து, ஐந்து விரல்களையும் விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. பார்க்கவே பிடிக்கவில்லை.

காற்று வடிகட்டியைக் கழற்றி, தடித்த குழாயை விலக்கி, என்ஜினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை எட்டுவதற்கே காலை போய்விட்டது. குழாய்கள் கருவாடுபோல் விறைத்திருந்தன; தொட்டதும் உடைந்தன. பெட்டியைச் சரித்தேன். உள்ளேயிருந்து மஞ்சளும் கறுப்புமாகக் கூழ் ஒன்று என் மணிக்கட்டில் வழிந்து, கையுறைக்குள் இறங்கியது. இளஞ்சூடாக இருந்தது. நாற்றம் மூக்கில் ஏறியதும் எழுந்து வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன்.

இதை நான் வெட்கமில்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வேலையில் நான் துடைக்காதது எதுவுமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் மலம், சளி, புண்ணின் சீழ் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாளும் குமட்டியதில்லை. புதிதாக வரும் பெண்களுக்கு முகம் சுளிக்காமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அப்படிப்பட்ட எனக்கு ஒரு பெட்டி அழுக்கில் வாந்தி வந்தது ஏன் என்று அந்த நேரம் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆஸ்த்ரிட், ஓய்வுபெற்ற பெண்மணி, குப்பை போட வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். என் கையைக் காட்டி “யிஃப்ட்?” என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணமானவர் என்று அர்த்தம். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்துவிட்டு இப்போது ஏன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “ஆமாம், அவர் வேலைக்குப் போயிருக்கிறார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து தன் மூக்கைப் பொத்திக் காட்டி, தலையை ஆட்டி, மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். அப்போதுதான் அதற்கு இன்னோர் அர்த்தம் இருப்பது நினைவுக்கு வந்தது. நஞ்சு. அதைச் சுவாசிக்காதே என்கிறார். வீட்டுக்குள் போய் ஒரு முகக்கவசத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

முகக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெரிய வகுப்புகளுக்குப் பதுளை டவுனுக்குப் போகவேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போக ஒரு பழைய வேன் வந்தது. அந்த வகை வேன்களில் என்ஜின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கும்; ஓட்டுபவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின் மேல் ஒரு மெத்தையைப் போட்டுச் சின்னப் பெண்களை உட்காரவைப்பார்கள். எனக்கு அந்த இடம்தான். மூடியின் ஓரத்திலிருந்து சூடாக ஒரு வாடை வந்துகொண்டே இருக்கும். முதல் சில வளைவுகளிலேயே வாயில் தண்ணீர் ஊறும். மடியில் ஷொப்பிங் பேக் எப்போதும் விரித்தபடி இருக்கும். பல நாட்கள் அதற்கும் அவகாசம் கிடைக்காது. வெள்ளைச் சீருடையின் முன்பக்கம் நனைந்துதான் வகுப்புக்குள் போவேன்.

எங்கள் வகுப்பாசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் குடியிருந்தவர். கெட்டவர் இல்லை. “உமக்கு ஒவ்வொரு நாளும் இதே பாடா? போய்க் கழுவிப்போட்டு வாரும்” என்பார். கழுவிவிட்டு வந்தால் கடைசி வாங்கில், ஜன்னலோரம் இடம். “தோட்டத்துப் பிள்ளையளுக்கு வாகனம் பழக்கமில்லை” என்று மற்ற ஆசிரியையிடம் சொன்னதை ஒரு நாள் கேட்டேன். நானும் அதை நம்பினேன். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு, மற்றவர்களுக்கு இல்லாத ஒரு அசிங்கம் எனக்குள் இருக்கிறது என்று நம்பினேன். காலையில் சாப்பிடுவதை நிறுத்தினேன். வெறும் வயிற்றிலிருந்து பச்சையாகப் பித்தம் வந்தது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியபோது வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சோற்றுப் பொதியை என் பக்கத்தில் பிரிக்காத தோழிகளின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கார் தரிப்பிடத்தில் எனக்கு வந்த அருவருப்பு அழுக்கின்மேல் மட்டும் இல்லை. ஓட்டை விழுந்த பிரீதரும் இத்துப்போன மூடியுமாக ஒரு வேனை ஓட்டி, அதன் நஞ்சைச் சின்னப் பிள்ளைகளின் மூக்குக்கு நேரே விட்டுவிட்டு, வளைவின்மேலும் எங்கள் தோட்டத்துப் பிறப்பின்மேலும் பழி போட்ட எல்லோர்மேலும் வந்தது. பிறகுதான் அண்ணனின் ஞாபகம் வந்தது. செல்வம் அண்ணன் இன்றைக்கும் ஸ்பிரிங்வெளி லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். அதே பாதையில் அதே மாதிரி வேன் ஒன்றை ஓட்டுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் ஏற்றுகிறார்.

கையைக் கழுவிவிட்டு அழைத்தேன்.

“அண்ணே, வேன்ல புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்களா?”

“எந்த வேன்ல எடுக்கல? ரோட்டு வளைவு அப்படி.”

“முன்னுக்கு ஒக்கார்றதுங்களா?”

“ஆமா, அதுங்கதான். மேல் டிவிசன் ராணியோட மக தர்ஷினி இருக்கால்ல, அவ தினமும் எடுப்பா. இப்ப ரெண்டு கெழமையா வரல. ஸ்கூலே வேணாங்குறாளாம். கொழும்புல கடை வேலைக்கு அனுப்பிறலாம்னு பேசிக்கிறாங்க.”

“பிரீதர் குழாய் எங்க போகுது, பாத்தியா?”

“அதக் கழட்டி விட்டு ரொம்ப நாளாச்சு. என்ஜின் ஒயில் குடிக்குதுன்னு கராஜ் பாஸ்தான் கழட்டச் சொன்னாரு. சும்மா தொங்குது.”

“சீட்டுக்குக் கீழதானே தொங்குது? அந்தப் பொகை பூரா அந்தப் புள்ள மூக்குலதான் ஏறுது.”

“நீ ஐஸ் நாட்டுல குந்திக்கிட்டு என் வேன் நாறுதுன்னு சொல்ற.”

“நாறுதுன்னுதான் சொல்றேன். நானும் அதுமேல ஒக்காந்து போனவதான். நீ பின்னால ஏணியில தொத்திக்கிட்டு வந்த, ஒனக்குத் தெரியாது.”

அழைப்பைத் துண்டித்துவிட்டார். நான் திரும்பிப் போய், என்ஜினிலிருந்த ஓட்டைகளைத் துணியால் வழித்து, புதுப் பெட்டியைப் பூட்டி, குழாய்களுக்குக் கிளிப் இறுக்கி, ஒயிலையும் மாற்றினேன். கையுறை இந்தத் தடவை உள்ளே ஒட்டிக்கொண்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அண்ணனே வீடியோவில் வந்தார். வேனின் முன்சீட்டைத் தூக்கியிருந்தார். “இங்க பாரு” என்றார். கழற்றித் தொங்கவிட்ட குழாயிலிருந்து புகை நூல்போல வந்துகொண்டிருந்தது. குழாயின் வாயில் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் அது உப்பிவிட்டது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பொடியாகி விழுந்தது. குழாயை இழுத்து ஒரு சட்டியில் உதறினார். தார்போலக் கறுப்பாகக் கட்டி கட்டியாக விழுந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பி ஓங்கரித்தார். துப்பிவிட்டு, “இதுமேலதான் நான் இத்தன வருசமா குந்திக்கிட்டு இருந்தேனா?” என்றார். ராத்திரி ராத்திரி தலைவலி மாத்திரை போடுகிற மனிதர் அவர்.

பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு போய், லயத்துக்கு மேலே ஓடும் கானில், அந்தத் தண்ணீர்க் கால்வாயில், கவிழ்க்கப் போனார்.

“அண்ணே, அங்க ஊத்தாத. அந்தத் தண்ணி எல்லாரும் குடிக்கப் புடிக்கிற பைப்படிக்குத்தானே போகுது.”

“வேற எங்க ஊத்தச் சொல்ற, சொல்லு.”

அவர் ஊற்றினார். கறுப்பு, தண்ணீரோடு வளைந்து கீழே போவதை அவருடைய கைபேசி எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

புதுக் குழாய் வாங்கி, காற்று இழுக்கும் பக்கத்தோடு சேர்த்துப் பூட்டி, மூடிக்குப் புது ரப்பரும் வைத்தாராம். ராணி வீட்டுக்குத் தானே நேரில் போனார் என்பதை அண்ணிதான் சொன்னார்; அண்ணன் சொல்லவில்லை. “வேன்ல கோளாறு இருந்துச்சு, புள்ளைட்ட இல்ல” என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். நான் சின்ன வயதில் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய வசனம் அது. இன்னொரு பிள்ளைக்காவது கிடைத்தது. அண்ணியோடு பேசி முடித்ததும் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

பிறகு அண்ணனின் குரல் பதிவு ஒன்று வந்தது. “தர்ஷினி வர்றா. எடுக்கல. பின்னால ரெண்டு பயலுக மட்டும் இன்னும் எடுக்குறானுங்க, வளைவு இருக்கத்தானே செய்யுது. அவ இப்ப காலையில ரொட்டி சாப்புட்டுட்டு வர்றாளாம்.” பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல். அவள் பரீட்சைவரை போவாளா, கொழும்புக் கடைக்குப் போவாளா, யாருக்கும் தெரியாது.

என் காரில் வடித்த பழைய ஒயிலையும் அந்தப் பெட்டியையும் போன வாரம்தான் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோனேன். இங்கே கண்ட இடத்தில் ஊற்ற முடியாது. மஞ்சள் அங்கி போட்ட இளைஞர் ஒருவர் டின்னைப் பார்த்துவிட்டு, “வூர் கொம்மர் தெ ஃப்ரா?” என்றார். எங்கிருந்து வருகிறது? கடையிலும் பஸ்ஸிலும் ‘நீ எங்கிருந்து வருகிறாய்’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியாகவே அது என் காதில் விழுந்தது. “ஸ்ரீலங்கா. பதுளைப் பக்கம்” என்றேன்.

அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டது. “மன்னிக்கணும், ஒயிலைக் கேட்டேன். கம்பனியிலிருந்தா, வீட்டிலிருந்தா?”

“வீட்டிலிருந்து” என்றேன். சொல்லும்போது கண்ணில் வந்தது லயத்துக்கு மேலே ஓடும் அந்தக் கான். அவர் டின்னை இரண்டு கைகளாலும் வாங்கி, சரியாதபடி ஏந்திக்கொண்டுபோய்த் தட்டில் மெதுவாக வைத்தார். நிலத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.