மஞ்சள் வச்ச டிராவலர்ஸ் செக்

புது டிராவலர்ஸ் செக்குக்குன்னு ஒரு வாசனை உண்டு. மையும் மொடமொடப்பான காகிதமும் கலந்த வாசனை... எங்க வீட்டு செக்குல மட்டும் அதோட மஞ்சள் வாசனையும் சேர்ந்து வரும்.

இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அது என்னன்னே தெரியாது. அப்பல்லாம் வெளிநாடு போறவங்க டாலரைக் கட்டுக்கட்டா எடுத்துட்டுப் போகாம செக்கா வாங்கிட்டுப் போவாங்க. வாங்கும்போதே மேல ஒரு கையெழுத்து. போன ஊர்ல பணமா மாத்தும்போது, மாத்திக் கொடுக்கிறவங்க கண் முன்னாடி கீழ இன்னொரு கையெழுத்து. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் காசு.

சிதம்பரம் கீழ வீதியில, இந்த செக்கும் விக்கிற ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். அதுதான் என் முதல் வேலை. தினமும் கடலூர்ல இருந்து பஸ்... ஜன்னல் சீட் கிடைச்சா ஆலப்பாக்கம் வரைக்கும் அரைத் தூக்கம்.

அப்பா முந்திரி மண்டியில வேலை பார்த்தவர். எதை வாங்கினாலும் பேரம் பேசாம வரமாட்டார். கோயில் வாசல்ல அர்ச்சனைத் தேங்காய்க்குக் கூட பேசுவார்! அவருக்கு வாழ்க்கையில ஒரே ஆசை. மலேசியாவுல, பினாங்குல இருக்கிற அவரோட அக்காவை, என் அத்தையை, ஒரு தடவை பார்த்துடணும்.

அத்தை கல்யாணமாகி கப்பல் ஏறினப்ப அப்பா அரை டவுசர் போட்ட பையன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் நேர்ல பார்த்துக்கவே இல்லை. சாயங்காலம் சில்வர் பீச்சுல உட்கார்ந்து கிழக்கையே பார்த்துட்டு இருப்பார்...

"பொறந்த வூட்டுலேர்ந்து ஒரு பொங்கலுக்குக் கூட எங்கக்காவுக்கு சீர் போகல பாப்பா."

ரிட்டயர் ஆன பணம் வந்ததும் முடிவு பண்ணிட்டார். பொங்கலுக்கு பினாங்கு. அக்காவை அங்க கடைக்குக் கூட்டிட்டுப் போய், பிடிச்ச வளையலா வாங்கிப் போடணும். அம்மாவுக்கு பிளேன்னா பயம், அதனால துணைக்கு நான்.

டாலர் ரேட்டை கடலூர்ல விசாரிச்சார். பாண்டிச்சேரி போய் விசாரிச்சார். கடைசியில எங்க ஓனர் முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டார்.

"பாண்டில இதவிட கம்மியா சொல்றான் தம்பி. பாத்து போட்டுக் குடு."

"மாமா, இது முந்திரி இல்ல, டாலர்! காலைல வர்ற ரேட்டு. நான் என்னா பண்ண முடியும்?"

"ரேட்டு உன்னுது இல்ல, சரி. கமிஷன் உன்னுதுதானே?"

ஓனர் சிரிச்சுட்டார். கமிஷனை விட்டுக்கொடுத்தார். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. வெளியில வந்ததும் அப்பா மெதுவா சொன்னார்: "மிச்சமானது வளையல்ல ஏறும் பாப்பா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு காரியம் பண்ணாங்க. கல்யாணப் பத்திரிகையோ புதுச் சட்டையோ, எங்க வீட்டுக்குள்ள எது புதுசா வந்தாலும் மூலையில மஞ்சள் வைக்காம விடமாட்டாங்க. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள ஒவ்வொரு செக்குக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்.

"ஐயோ அம்மா, அது செக்கு!"

"அதனால என்னா? பொறந்த வூட்டு சீரு, வெறுங்காயிதமாவா போவும்?"

பினாங்கு ஏர்போர்ட்ல அத்தை அப்பாவோட தலையைத் தடவினாங்க. "நரச்சிப் போச்சேடா..." அவ்வளவுதான்.

மறுநாள் பேங்க். கவுண்டர்ல இருந்த பொண்ணு செக்கை லைட்ல காட்டிப் பார்த்தா, நகத்தால சுரண்டிப் பார்த்தா, உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்தா. கறை பட்ட செக்கை வாங்க மாட்டாங்களாம். இன்னொரு பேங்க்லயும் அதே கதை.

"அத்த புள்ளைங்ககிட்ட இப்போதைக்கு வாங்கிக்கலாம்பா," என்றேன்.

"அக்கா புள்ளைங்ககிட்ட கடன் வாங்கி, அக்காவுக்கே சீர் செய்யறதா?"

அப்பா முகத்தைப் பார்க்க முடியல. அந்த வெயில்ல எங்க போறோம்னே தெரியாம நடந்தோம். ஒரு சந்துல, கண்ணாடிக் கூண்டு போல ஒரு மணி சேஞ்சர் கடை. உள்ள வெள்ளைத் தொப்பி போட்ட பாய் ஒருத்தர். அப்பா செக்கை நீட்டினார்.

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூக்குக்கிட்ட கொண்டுபோனார்.

"எந்த ஊரு?"

"கடலூருங்க."

"நமக்கு பக்கத்துல பரங்கிப்பேட்டை." மறுபடியும் மோந்து பார்த்தார். "யாருக்கு சீரு?"

அப்பாவுக்குக் கண் கலங்கிடுச்சு. "எங்கக்காவுக்கு பாய்."

"கீழ கையெழுத்து போடுங்க. பேங்குல நான் பேசிக்கிறேன்."

போர்டுல எழுதியிருந்ததை விட ஜாஸ்தியா ரேட் போட்டுக் கொடுத்தார். "போர்டு ஊருக்கு. இது சீர் பணமாச்சே," என்றார். பேரமே பேசாத அப்பாவை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அத்தை கையில வளையல் ஏறிடுச்சு. ஆனா அப்பா ஒரே ஒரு செக்கை மட்டும் மாத்தாம பர்ஸுல வச்சுக்கிட்டார். "அடுத்த பொங்கலுக்கு வரணும்ல..."

அடுத்த பொங்கல், அதுக்கடுத்த பொங்கல்னு தள்ளித் தள்ளிப் போய்... அப்பா மறுபடி போகவே இல்லை. அவர் இறந்தும் வருஷங்கள் ஆச்சு.

இப்ப பொங்கல் சீரை நான்தான் அனுப்புறேன், போன்லயே. எந்த பேங்க்ல ரேட் நல்லா இருக்குன்னு அதுவே சொல்லிடும். பணம் எதுக்குன்னும் கேட்கும். அது காட்டுற காரண வரிசையில 'சீர்'னு ஒண்ணு இல்லை... ஏதோ ஒண்ணைத் தட்டி விடுவேன். வீடியோ கால்ல அத்தை கையைத் தூக்கினா அந்த வளையல் முழங்கை வரைக்கும் சரியும்.

மிச்சமிருந்த அந்த ஒரு செக் எங்க சாமி அலமாரியில இருக்கு. மேல, அப்பா தமிழ்ல போட்ட கையெழுத்து. கீழ, வெறும் கோடு. அந்த மாதிரி செக்கெல்லாம் காலாவதி ஆகாதாம். மாத்திடலாமான்னு போன பொங்கலுக்கு அம்மாகிட்ட கேட்டேன்.

அம்மா மஞ்சளைக் குழைச்சுக்கிட்டே சொன்னாங்க:

"கீழ கையெழுத்து யாரு போடுவா?"

சொல்லிட்டு, நாலு மூலையிலும் புதுசா மஞ்சள் வச்சு, எடுத்த இடத்துலயே வச்சாங்க.