சுரேன் எப்படியும் வந்துடுவான்

“…அவன் எப்படியும் வந்துடுவாண்ணே, அவனுக்கு எதுக்கு என் ஓட்டு? வேற ஒரு பையனுக்குப் போட்டா அவனாச்சும் மேல வருவான் லா” என்று சொல்லிக்கொண்டே சுரேன் கைப்பேசியில் ஐந்தாவது பெயரைத் தட்டிக்கொண்டிருந்தான். வாய்வரை போன தே தாரிக் டீ கிளாஸை நான் பாதி வழியிலேயே மேசைக்குத் திருப்பிவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் தலைக்கு மேல் ஓடும் சாலை ஓரத்தில் ஒரு ரொட்டி சானாய் கடை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நானும் சுரேனும் அங்கே உட்காருவோம். அவன் இப்போது ஒரு தனியார் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தொப்பையைப் பற்றிக் கேட்டால், “டிஃபென்ஸ் அண்ணே” என்பான்.

கல்லூரிகளின் லீக் முடிந்ததும், எல்லாக் குழுக்களிலிருந்தும் அந்த வருடத்தின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்குவார்கள். ‘பெஸ்ட் ஃபைவ்’ என்று பெயர். பொறுக்குவது பயிற்சியாளர்கள்தான். ஆளுக்கு ஐந்து பெயர். சொந்தக் குழுவின் பையனை மட்டும் எழுதக் கூடாது. அன்று சுரேன் எழுதாமல் விட்ட பெயர் ஜுன் வெய். லீக்கிலேயே அதிகப் புள்ளி போட்டவன் அந்தப் பையன்தான்.

இப்போதெல்லாம் இது கைப்பேசியில் நடக்கிறது. எங்கள் காலத்தில் சீட்டு. ஒரே தாளை மூன்று பிரதி எடுக்கும் கார்பன் சீட்டு. வெள்ளை, மஞ்சள், ரோஸ். அந்தக் கார்பன் வாசனைக்கு நான் அடிமை என்றே சொல்லலாம். இன்றைக்கும் பழைய ஸ்டேஷனரி கடைக்குள் நுழைந்தால் எனக்கு மழை ஞாபகம் வரும். கார்பனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் நான் கிராணியாக இருந்தேன். கோப்பு அடுக்குவது, மைதானம் புக் பண்ணுவது, ஐஸ் பெட்டிக்கு ஐஸ் வாங்குவது. எனக்குப் பந்தைத் தரையில் நாலு தடவைக்கு மேல் தட்டத் தெரியாது. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் லீக் ஆட்டங்களுக்கு என்னை ஸ்கோர் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தகரக் கூரை போட்ட சிமெண்டு மைதானம். நாலு மணி ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் நடுவர் ஊதுவது கேட்காது. அவர் விரலைக் காட்டுவார். அதைப் பார்த்து ‘ஏழாம் நம்பர், ஃபவுல்’ என்று நான் அழுத்தி எழுதுவேன், மூன்றாவது தாளில் விழ வேண்டுமே. கார்பன், ஈரச் சிமெண்டு, பையன்கள் காலில் தேய்த்த தைலம், மூன்றும் சேர்ந்த வாசனை.

அந்த ஏழாம் நம்பர்தான் சுரேன். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வருவான். ஆறு குழுக்களில் மொத்தமே மூன்று தமிழ்ப் பையன்கள். அதில் இரண்டு பேர் பெஞ்சில். இவன் மட்டும் பந்து கையில் வந்தால் ரோட்டைக் கடக்கும் பூனை மாதிரி எல்லோருக்கும் நடுவில் புகுந்து போய்விடுவான். எதிர்க்குழுப் பயிற்சியாளர்களே கைதட்டுவார்கள். அவர்களில் முக்கியமானவர் கோச் வோங். கிள்ளான்காரர், சுருட்டிய குடையைக் கையில் வைத்துக்கொண்டே கத்துவார். சுரேன் தன் குழுவுக்கு எதிராகப் புள்ளி போட்டால்கூட, “திஸ் போய் ஆ… அடோய்!” என்று குடையால் தரையைக் குத்துவார்.

அவன் கடைசி வருடம் அது. லீக்கில் அதிகப் புள்ளி அவனுடையது. மூன்று தாளிலும் எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா? பெஸ்ட் ஃபைவில் வருகிறவர்களுக்கு ஒரு நீலக் கோட்டு கொடுப்பார்கள். சுரேனின் அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் மகன் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பரிசளிப்பு ஞாயிறு காலை. “கோட்டு குடுப்பாங்களாமே, நான் வரேன்டா” என்று ஷிப்ட் மாற்றிக்கொண்டாராம். சுரேன் என் மேசைக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் காது சிவந்திருந்தது.

இனி என் பங்கு. ஓட்டுச் சீட்டுகளை வாங்கிச் சேர்ப்பது என் வேலை. ஆறு பயிற்சியாளர்களுக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டும். ‘சார், சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். நான் அப்படி வைக்கிற ஆளா? “ரேடியோவுக்காச்சும் சுவிட்ச் இருக்கு” என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். வானிலை பேசினேன், துரியான் பழம் பேசினேன், கடைசியில் லீக் பேசினேன். “சுரேன் எப்படியும் வந்துடுவான் கோச், அது ஷூர். மற்ற நாலு இடத்துக்குத்தான் சண்டை” என்று எனக்குத் தெரிந்த மலாய் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். பையன் மேல் இருந்த பிரியத்தில் சொன்னேன் என்று சத்தியம் பண்ணத் தயார்.

சுரேனின் பயிற்சியாளரை விட்டால் அவனுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவியிடம் சீட்டு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இன்னொருவர், “பிஸி லா” என்று பாதியில் வெட்டிவிட்டார். மீதி மூன்று பேரிடம் மனம் நிறையப் பேசினேன். அவர்களில் ஒருவர் கோச் வோங்.

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு ராக்கம்மா ஆன்டி ஒன்று சொல்வார்: “எல்லாரும் கூப்பிட்டிருப்பாங்கன்னு தாய்மாமனை யாருமே கூப்பிடல, கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுக்க ஆள் இல்ல.” அதைச் சிரித்துக்கொண்டே நூறு தடவை கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை சீட்டுகளைப் பிரித்தபோதுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

சுரேனுக்கு இரண்டு ஓட்டு. வெளியூர் போனவர் ஒன்று, பிஸிக்காரர் ஒன்று. ஐந்தாவதாக வந்த பையனுக்கு மூன்று.

கோச் வோங்கின் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுரேன் இருக்க வேண்டிய இடத்தில், கடைசி இடம் வந்த குழுவின் ஒரு நெட்டைப் பையனை எழுதியிருந்தார். போன் போட்டேன். சுரேன் லிஸ்டில் இல்லை என்றேன். “யூ சே ஷூர் வாட்!” என்றார். நீதானே உறுதி என்று சொன்னாய் என்கிறார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லீக் செயலாளரிடம் ஓடினேன். பிரித்த சீட்டு பிரித்ததுதான், திருத்த முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஞாயிறு காலை சுரேனின் அப்பா வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, யாரிடமோ இரவல் வாங்கிய கேமரா. முன் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிக நேரம் கைதட்டினார். ஐந்தாவது பையன் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியதும் அவர் எழுந்து என் மேசைப் பக்கம் வந்து குனிந்தார்.

“தம்பி, லிஸ்டு முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சுங்க அங்கிள்.”

“ஓ” என்றார். பிறகு கேமராவைத் தூக்கி, வரிசையாக நின்ற ஐந்து கோட்டுகளையும் ஒரு படம் எடுத்தார். இரவல் வாங்கியதற்கு ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கார் நிறுத்தும் இடத்தில் நான் கோப்பைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் மகனின் தோளைத் தட்டி, “நம்ம தமிழ் ஆளுங்க பேரை எங்கடா போடுவானுங்க. விடு” என்றார். எதிரே கோச் வோங் குடையை இடுக்கிக்கொண்டு கையை நீட்டியபடி வந்தார். சுரேன் அந்தக் கையைப் பார்க்காதவன்போல் தாண்டிப் போனான்.

அப்போது நான் பெட்டியைக் கீழே வைத்திருக்க வேண்டும். ‘அவங்க மேல தப்பு இல்ல அங்கிள், நான்தான் வாயை விட்டேன்’ என்று ஒரு வரி. ஊரில் உள்ள எல்லோருடைய சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிற எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. இருபத்தைந்து வருடம் வரவில்லை.

தகரக் கூரை மைதானம் போய்விட்டது. அங்கே இப்போது இருபது மாடிக் குடியிருப்பு. மழை பெய்தால் சத்தமே கிடையாது. கார்பன் சீட்டு போய்விட்டது. சுரேனின் அப்பாவும் போய்விட்டார், அந்த ‘விடு’வைக் கூடவே எடுத்துக்கொண்டு. கோச் வோங் மட்டும் இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் குடையோடு ஆட்டம் பார்க்க வருகிறார். “சுரேன் ஓகே ஆ?” என்று என்னிடம்தான் கேட்பார். சுரேன் அவரைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்காருவான்.

அன்று காலை ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்க, இது முழுவதையும் சுரேனிடம் சொன்னேன். வானிலை, துரியான் எல்லாவற்றையும் விடாமல். மோனோரயில் ஒன்று மேலே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தான்.

“எனக்கு எத்தனை ஓட்டுண்ணே?”

“ரெண்டு.”

“வோங் போடல.”

“நான் பேசலைன்னா உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருப்பாரு.”

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ணே” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கைப்பேசியை எடுத்தான். ஐந்தாவது பெயரை அழித்தான். ஜுன் வெய் என்று எழுதி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினான். “பேர் வரலைன்னா இந்தப் பையனும் நம்மளப் பத்தி என்னன்னு நினைச்சிருப்பான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு கைப்பேசியை என் பக்கம் தள்ளினான்.

“கோச் வோங் நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? போடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். கடைக்குள் சத்தம் அதிகம் என்று அவன் எழுந்து கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்குப் போனான். மணி அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் எடுப்பதற்குள், தொப்பைக்கு மேலே சுருண்டிருந்த சட்டையை ஒரு கையால் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டான்.